இரவல் ஓட்டம்

கீழே விழுகிறவர் இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தவழ்ந்து எழுந்து நிற்கும் வயதிலேயே உடம்பு தானாகப் பழகிக்கொள்கிற காரியம் அது. தூத்துக்குடியில் பல வருடங்களாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் ஐரினுக்கு, அடிபட்ட இடத்தைப் பார்த்தாலே ஆள் எப்படி விழுந்திருப்பார் என்று சொல்லத் தெரியும்.

அதனால்தான் உடன்குடியிலிருந்து வந்த அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அவளுக்குக் குழப்பமாக இருந்தது. பதினைந்து வயதிருக்கும். சைக்கிளிலிருந்து விழுந்தவள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு பிரித்துப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். தாடையில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவந்திருந்தது. இடது கையில் மட்டும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"விழும்போது இந்தக் கை எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள் ஐரின்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வெட்கத்தோடு இடது உள்ளங்கையைத் தொப்புளுக்குக் கீழே வைத்துக் காட்டினாள்.

"அங்க ஏன் வச்ச?"

"நான் வைக்கல மேடம். அதுவா போச்சு."

அடுத்த வாரம் விளாத்திகுளத்திலிருந்து ஒருத்தி வந்தாள். அவளுக்கும் வலது மணிக்கட்டுதான். அவளுக்கும் முகத்தில் அடி. இடது கை எங்கே இருந்தது என்று கேட்டதும் அவளும் அதே இடத்தைத் தொட்டுக் காட்டினாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தேயிராத இரண்டு பெண்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். பதினொரு வயதில் இருவரும், தூக்கத்தில் ஓட்டமும் தாவலும் பழக்கும் லயம் தொப்பியைப் போட்டிருந்தார்கள்.

அன்று மாலை மகளை அழைத்துவரப் பள்ளி மைதானத்துக்குப் போன ஐரின், வழக்கம்போல வண்டியிலேயே உட்கார்ந்திருக்காமல் கம்பி வேலிக்கு அருகே போய் நின்றாள். மெர்லின் மாவட்ட வாலிபால் அணியில் இருந்தாள். மாநில அணிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி ஓங்கி அடித்த பந்து நேராக மெர்லினின் இடுப்பு உயரத்துக்கு வந்தது. இரண்டு முன்கைகளையும் சேர்த்து நீட்டி எடுக்க வேண்டிய பந்து. மெர்லினின் வலது கை நீண்டது. இடது கை வயிற்றுக்குப் போனது. உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பி வயிற்றை மறைத்துக்கொண்டது. பந்து முழங்கையில் பட்டு வேலிக்கு வெளியே பறந்தது.

"ரெண்டு கையையும் நீட்டுன்னு எத்தன தடவ சொல்லுதேன்!" என்று பயிற்சியாளர் கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் நின்ற பெண்ணும் அதையே செய்தாள்.

*

மெர்லினுக்குத் தொப்பி போடலாம் என்று முடிவெடுத்த நாள் ஐரினுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினொரு வயதில் அவள் ஒரே வருடத்தில் கிடுகிடுவென்று வளர்ந்தாள். கை காலெல்லாம் நீண்டுகொண்டே போயின. அவற்றை எங்கே வைப்பதென்று அவளுக்கே தெரியவில்லை. டம்ளரை எடுக்கப் போனால் தட்டிவிடுவாள். படியில் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்து உருண்டாள். சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தாள். விளையாட்டு வகுப்பில் யாரும் அவளைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்வதில்லை. ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அது நோயில்லை என்பது ஐரினுக்குத் தெரியும். அந்த வயதில் எலும்பு முந்திக்கொண்டு நீளும். தசை பின்னால் வரும். மூளை இன்னும் பழைய கையின் நீளத்தையே கணக்கில் வைத்திருக்கும். ஓடி, விழுந்து, எறிந்து, பிடித்து இரண்டு மூன்று வருடம் விளையாடினால் மூன்றும் ஒன்றுக்கொன்று பழகிவிடும். ஆஸ்பத்திரிக்கு வரும் தாய்மார்களிடம் அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

ஆனால் லயம் வந்துவிட்டிருந்தது. தேர்ந்த விளையாட்டு வீரர் ஒருவரின் அசைவுகளை முழுவதுமாகப் பதிவுசெய்து, தொப்பி வழியாகக் குழந்தையின் சிறுமூளையில் படிய வைப்பார்கள். தூக்கத்தில் போட்டுக்கொண்டால் போதும். சில மாதங்களில் குழந்தை ஓடும், தாவும், பந்தைப் பிடிக்கும், எழுத்துகூட அழகாகும். மாநிலத்திலுள்ள ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு ஆணின் பதிவு. பெண் பிள்ளைகளுக்கு ஒரு பெண்ணின் பதிவு. அவர்களை 'மூலம்' என்றார்கள். பெயரை வெளியில் சொல்வதில்லை.

"வகுப்புல எல்லாரும் போட்டாச்சு. நம்ம பிள்ள மட்டும் ஏன் விழுந்து எந்திரிக்கணும்?" என்றான் ஐரினின் கணவன் ஜூடு. துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவன். மகள் தலைகுனிந்து பள்ளிக்குப் போவதை அவனால் தாங்க முடியவில்லை. ஐரினாலும் முடியவில்லை. சம்மதித்தாள்.

தொப்பியைக் கழற்றிய பிறகு ஒரு நாள் மெர்லின் நான்கு டம்ளர் காப்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு, கீழே பார்க்காமல் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்று வீட்டில் எல்லோருக்கும் திருவிழா மாதிரி இருந்தது.

*

திருநெல்வேலியிலிருந்த லயம் மையத்தில் டாக்டர் லோகநாதன் ஐரின் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"எங்களுக்கும் தகவல் வந்திருக்கு மேடம். நாலஞ்சு மாவட்டத்துல இருந்து வந்திருக்கு."

"ஆரம்பத்துலயே ஏன் தெரியல டாக்டர்?"

"பிள்ளைங்க உயரம் மூலத்தோட உயரத்துக்குக் கிட்ட வந்தாத்தான் சில பழக்கம் வெளிய வரும். பதினொரு வயசுல அது உள்ளயே கிடக்கும். அதுவுமில்லாம, சோதனை பண்ணினப்ப நாங்க ஓட விட்டோம், தாவ விட்டோம். எந்தப் பிள்ளையையும் கீழ தள்ளிவிட்டுப் பாக்கல."

"அந்தக் கையை மட்டும் எடுத்துர முடியாதா?"

முடியாது என்று அவர் தலையாட்டினார். "ஓட்டம் தனி, பயம் தனின்னு உடம்புல பிரிச்சு வச்சிருக்கல. சாம்பார்ல போட்ட உப்பை எப்படி எடுப்பீங்க? கொட்டிட்டு வேறதான் வைக்கணும். புது மூலம் தயாராகிட்டு இருக்கு. பழையதை அழிச்சிட்டு அதைப் பதிவோம்."

"பழைய மூலத்துக்கு வயித்துல என்ன இருந்துச்சு? ஏதாவது ஆபரேஷனா? அப்படின்னா இடுப்பு, முதுகுன்னு வேற எங்கயும் அந்தப் பழக்கம் ஒளிஞ்சிருக்கும். பிள்ளைங்களுக்குப் பின்னால வலி வரும்."

"எடுத்தப்ப ஸ்கேன்ல எந்தக் காயமும் இல்ல. அவங்க யாருன்னு நான் சொல்லக் கூடாது மேடம். எனக்கே தெரியாது."

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது ஐரின் இதைச் சொன்னாள். மெர்லின் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"கோகிலவாணி அக்காவையா சொல்லுதீங்க?"

"யாருட்டி அது?"

"அவங்கதான் எங்க மூலம். எங்க எல்லாருக்கும் தெரியும்." போனை எடுத்துக் காட்டினாள். திரையின் ஒரு பாதியில் பழைய ரயில்வே அணிப் பந்தயம் ஒன்று. உயரமான ஒரு பெண் வலது தோளை ஒருமுறை குலுக்கிவிட்டு, நான்கு எட்டு ஓடி, தாவி அடித்தாள். மறுபாதியில் மெர்லின். அதே குலுக்கல், அதே ஓட்டம், காலை ஊன்றும் விதம்கூட அதே. இருவரும் ஒரே நேரத்தில் தரையில் இறங்கினார்கள்.

"எங்க தாவல் எங்களுக்குத் தெரியாதாம்மா? எட்டாம் வகுப்புலயே கண்டுபிடிச்சிட்டோம். இப்ப ஈரோட்டுல டிக்கெட் பரிசோதகரா இருக்காங்க."

ஜூடு மனைவியைப் பார்த்தான். "போய்ப் பாத்துரு" என்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் ஈரோட்டில் ரயில்வே குடியிருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். முன்பே போனில் பேசியிருந்ததால் கோகிலவாணி வாசலிலேயே காத்திருந்தாள். முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பாள். வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். படியேறி வந்த மெர்லினை அவள் பார்த்த பார்வையில் வரவேற்பைவிடத் திகைப்புதான் அதிகமாக இருந்தது.

"மறுபடி ஒருக்கா இறங்கி ஏறு கண்ணு" என்றாள்.

மெர்லின் இறங்கி ஏறினாள்.

"என்னைய நானே பாக்கறாப்புல இருக்குதுங்க. இந்த முட்டி போறதுக்கு முந்தி நான் இப்படித்தான் படியேறுவேன். உள்ள வாங்க."

காப்பி கொடுத்தாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஐரின் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "உங்களுக்கு வயித்துல ஏதாவது ஆபரேஷன் ஆச்சாங்க? பதிவு எடுக்கறதுக்கு முன்னால?"

"இல்லீங்களே. ஒண்ணும் ஆகல."

"அடி ஏதாவது?"

"இல்லீங்க. ஏன் கேக்கறீங்க?"

சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம் என்று ஐரினுக்குத் தோன்றியது. மெர்லினை எழுந்து நிற்கச் சொன்னாள். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு நிமிர்வதற்குள், சோபாவில் கிடந்த தலையணையை எடுத்து அவள்மேல் எறிந்தாள். மெர்லினின் இடது கை வயிற்றுக்குப் போனது. உடம்பு திரும்பியது. தலையணை தோளில் பட்டுக் கீழே விழுந்தது.

கோகிலவாணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.  அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது ஐரினுக்குத் தெரிந்தது. என்ன புரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

மெர்லின் தலையணையை எடுத்து சோபாவில் வைத்துவிட்டு, மிக இயல்பாகக் கேட்டாள்.

"உங்க பாப்பாவுக்கு இப்ப என்ன வயசு அக்கா?"

"ஏட்டி, என்ன கேக்க?" என்றாள் ஐரின்.

"எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்மா. எங்க டீம் ஷப்னாவோட அண்ணி மாசமா இருக்கும்போது பஸ்ல கூட்டத்துல இப்படித்தான் கைய வச்சுக்கிட்டு திரும்புவாங்க. அதப் பாத்துதான் புரிஞ்சுச்சு. இப்ப ஒண்ணாவது படிக்கும்னு ஷப்னா சொல்லுவா. பொம்பளப் பிள்ளன்னு சொல்லுவா. நான் பையன்னு..." அவள் குரல் மெல்ல இறங்கியது. ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அங்கே ஒரு குழந்தை இருப்பதற்கான எந்த அடையாளமும் இல்லை.

கோகிலவாணி எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மெர்லினுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பொறக்கல கண்ணு" என்றாள்.

பிறகு ஐரினைப் பார்த்துப் பேசினாள். "பதிவுக்குக் கூப்பிட்டப்ப எனக்கு நாள் தள்ளிப் போயிருந்துச்சுங்க. சென்னையில ஒண்ணரை மாசம் எடுத்தாங்க. ஓடு, தாவு, விழு, எந்திரி. சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பாங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பாங்க. எனக்கு முட்டி அப்பவே போக ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வருசம் என்ர தாவலே இருந்திருக்காது. அது என்னோட முடிஞ்சு போயிரக் கூடாதுன்னு ஒரு ஆசை. யாருகிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல."

"அப்புறம்?"

"ஊருக்கு வந்தப்புறம் கலைஞ்சிருச்சு. பதிவுனாலதானான்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். இல்லைன்னு சொன்னாங்க. அவருக்கு அது போதல. வேற கல்யாணம் பண்ணிட்டு இப்ப கரூர்ல இருக்காரு." அவள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "கைய இப்படி வச்சிருந்தேன்னு எனக்கே தெரியாதுங்க. பந்து வயித்துல பட்டுறக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள பயம் இருந்துச்சு. அது வெளிய வந்திருக்குதாட்ட இருக்குது. எத்தன புள்ளைங்களுக்கு இருக்குதுங்க இது?"

"லட்சக்கணக்குல இருக்கும்."

கோகிலவாணி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். 

"அந்தக் குழந்தையைப் பத்தி இந்த உலகத்துல நான் ஒருத்திதான் நெனைச்சுட்டு இருக்கறேன்னு இருந்தேன்" என்றாள் மெர்லினிடம். "நீங்கெல்லாம் அது பையனா புள்ளையான்னு சண்டை போட்டிருக்கீங்க."

மெர்லின் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் காலை ஒரே மாதிரி மடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

கிளம்பும்போது கோகிலவாணி ஐரினைத் தனியாக நிறுத்தினாள். "எடுத்துருங்க. புள்ளைங்க கைய ஒடைச்சுக்கக் கூடாது. காரணம் மட்டும் அவங்ககிட்டச் சொல்லாதீங்க. மறைச்சு ஏமாத்துனேன்னு என்ர வேலைக்கே உலை வச்சிருவாங்க."

"சொல்லல" என்றாள் ஐரின். அந்த வாக்கை அவள் காப்பாற்றினாள்.

ரயிலில் மெர்லின் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். திண்டுக்கல் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "நான் கேட்டிருக்கக் கூடாதுல்லம்மா?"

"தெரியாமத்தான கேட்ட."

"ஷப்னாகிட்ட என்ன சொல்ல?"



*

புது மூலம் தயாராகிவிட்டது என்று எல்லாப் பெற்றோருக்கும் தகவல் வந்தது. டாக்டர் லோகநாதன் இந்தத் தடவை மிகவும் உறுதியாகப் பேசினார். "இளவயசுப் பொண்ணு. தடகளம். எலும்பு, தசை, வயிறு எல்லாத்தையும் படம் எடுத்துப் பாத்துட்டோம். காயம், ஆபரேஷன் எதுவும் இல்ல. பழசு அழிஞ்சு புதுசு பதிஞ்சிரும். மாநிலத் தேர்வுக்குள்ள மெர்லின் தயாராயிருவா."

"புதுசு வேண்டாம், பழசை மட்டும் எடுத்தாப் போதும்னு சொன்னா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்."

"எடுத்தா அடியில என்ன இருக்கும்?"

"பதினொரு வயசுல எங்க விட்டாளோ அதுதான் இருக்கும். இத்தன வருசம் உபயோகிக்காம விட்டதுனால இன்னும் கொஞ்சம் மோசமாவே இருக்கும். பதினஞ்சு வயசு உடம்பு, பதினொரு வயசு அசைவு. யோசிச்சுக்கோங்க."

வீட்டில் ஜூடு யோசிக்கவே இடமில்லை என்றான். "மாநில அணி வருது. இப்பப் போய் யாராவது இருக்கறதக் கெடுப்பாங்களா?"

"எனக்கு எது வரும், எது வராதுன்னே எனக்குத் தெரியலப்பா" என்றாள் மெர்லின். "எனக்குக் கோகிலவாணி அக்காவோட தாவல் நல்லா வருது. அவ்வளவுதான் தெரியும். அடுத்து இன்னொரு அக்காவோடது வரும். நான் தாவினா எப்படி இருக்கும்?"

"கேவலமா இருக்கும்" என்றான் ஜூடு, சிரிக்காமல்.

"பரவால்ல. பாக்கணும்."

ஐரின் மகள் பக்கம் நின்றாள். ஆனால் அவளுக்குத்தான் வீட்டில் எல்லோரையும்விட அதிகப் பயமாக இருந்தது.

பயந்த மாதிரியே ஆயிற்று. பதிவை எடுத்த பிறகு மெர்லின் படியிறங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குழம்புக் கரண்டி அவள் கையிலிருந்து சுவர்வரை பறந்தது. சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆனது. நோட்டில் அவள் எழுத்து ஆறாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாகி, கோட்டைத் தாண்டி மேலும் கீழும் ஆடியது. வாலிபால் அணியிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். ஷப்னாவும் மற்றவர்களும் புதுத் தொப்பி போட்டுக்கொண்டார்கள். அவர்கள் முன்பைவிட வேகமாக ஓடினார்கள். மெர்லின் வேலிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தாள்.

ஒரு நாள் மாலை சைக்கிளோடு விழுந்து, முட்டியெல்லாம் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தாள். ஐரின் காயத்தைக் கழுவினாள். இரண்டு உள்ளங்கைகளிலும் சிராய்ப்பு இருந்தது. மனதுக்குள் ஐரின் அதைக் குறித்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல நான் விழுந்துக்கிட்டே இருந்தேன்ல, அது தானா சரியாயிரும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மெர்லின்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"எல்லாரும் உன்னப் பாத்துச் சிரிச்சாங்க. என்னால தாங்க முடியல மக்களே."

"சிரிச்சது என்னையத்தான? எனக்கே தாங்க முடிஞ்சுச்சே!"

ஐரின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது. மெர்லின் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். 

மறுநாள் ஐரின் ஆஸ்பத்திரியில் சொல்லி மாலை வேலையை விட்டுவிட்டாள். ஒரு டென்னிஸ் பந்து வாங்கி வந்தாள். வீட்டுக்குப் பின்னால் சுவரில் எறிந்து பிடிக்கும் விளையாட்டு தொடங்கியது. முதலில் இரண்டு கையால், பிறகு ஒரு கையால், பிறகு நடந்துகொண்டே. பந்து பெரும்பாலும் பக்கத்து வீட்டு முருங்கைமரத்துக்குக் கீழேதான் கிடந்தது. ஸ்கிப்பிங் கயிறு மெர்லின் காலில் சிக்கிச் சிக்கி அறுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூடும் சேர்ந்துகொள்ள, மூவரும் கடற்கரை மணலில் ஓடினார்கள். மகளைக் கேலி செய்ய வந்தவன், ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கிக் கரையில் உட்கார்ந்தான். மெர்லின் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு ஐரின் கேட்ட சிரிப்பு அது.

வருடம் திரும்பும்போது அவள் டம்ளர்களைத் தட்டிவிடுவது குறைந்திருந்தது. எழுத்து வரிக்குள் நின்றது. அழகாக இல்லை, ஆனால் யாருடைய எழுத்து மாதிரியும் இல்லை. ஜூடு மறந்துவிட்டுப்போன சாப்பாட்டைக் கொடுக்க மெர்லின் துறைமுகத்துக்குப் போனாள். வாசலில் நின்ற காவலாளி அவளை இதற்குமுன் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து அவள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஜூடு மவளா நீ?" என்று கேட்டாராம். "அவன மாதிரியே ஒரு தோளச் சாய்ச்சுக்கிட்டு, தரையோட சண்டைக்குப் போற மாதிரி நடக்கியே!"

வீட்டுக்கு வந்து மெர்லின் குதித்தாள். "அப்பா மாதிரியா நடக்கேன்? நெசமாவாம்மா? அய்யோ, அசிங்கமா இருக்குமே!" என்று கண்ணாடி முன்னால் நடந்து நடந்து பார்த்தாள். ஐரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜூடு மட்டும் அன்று முழுவதும் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

*

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, சாத்தான்குளத்திலிருந்து ஒரு பெண்ணை அவள் அம்மா ஐரினிடம் கூட்டி வந்தாள். கால் பிசகியிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. புது மூலம் பதிந்த பிள்ளை, நல்ல ஓட்டக்காரி, கலகலவென்று பேசினாள். பள்ளியில் முதலாவதாக வந்ததையும், ஈரத் தரையில் வழுக்கியதையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

கட்டுத்துணி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பேசிக்கொண்டே ஐரின் அதை எடுக்க வலது கையைத் தூக்கினாள்.

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியது. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. கண்கள் இறுக மூடிக்கொண்டன. ஒரு நொடிதான். அடுத்த நொடி அவள் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

ஐரின் கையை மெதுவாக இறக்கினாள். கட்டுத்துணியை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவுக்கும் அது புதிதில்லை. பதறிப்போய்ச் சொன்னாள். "எங்க வீட்டுல அவமேல இதுவரைக்கும் ஒருத்தரும் கை வச்சதில்ல மேடம். சத்தியமா. டீச்சர்கூட என்னையத்தான் சந்தேகப்படுதாங்க."

"நானா செய்யல மேடம். அதுவா திரும்புது" என்றாள் பெண், சிரித்துக்கொண்டே. "எங்க வகுப்புல எல்லாருக்கும் இருக்கு."

ஐரின் கையை உயர்த்தாமல், பக்கத்திலிருந்த உதவியாளரைத் துணியை எடுத்துத் தரச் சொன்னாள். கையை உயர்த்தாமல், பக்கத்திலிருந்த உதவியாளரைத் துணியை எடுத்துத் தரச் சொன்னாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு டாக்டர் லோகநாதனுக்குப் போன் செய்தாள். அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரியும் என்பது அவர் குரலிலேயே புரிந்தது.

"தெரியும் மேடம். முகத்தைத் திருப்பறாங்க. புகார் வந்திருக்கு. அடுத்த திருத்தத்துல சரி பண்ணிருவோம். பிள்ளைங்களுக்கு ஆபத்தில்ல."

"நான் பிள்ளைங்களைப் பத்திக் கேக்கல டாக்டர்" என்றாள் ஐரின். "உங்க புது மூலம், அந்தப் பொண்ணு எங்க இருக்கா? யார் வீட்டுல இருக்கா? யாராவது போய்ப் பாத்தீங்களா?"

 ஐரின் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை காத்திருந்தாள்.